வண்டியை நிறுத்த ஓர் இடம்

தமிழில் ‘வீடு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நாம் கூட்டிப் பெருக்குகிற வீடு ஒன்று. அறம், பொருள், இன்பம் மூன்றும் முடிந்தபின் வருகிற வீடு இன்னொன்று. இந்த இரண்டாவது வீடு ‘விடு’ என்ற வினையோடு பிறந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டவருக்குக் கிடைப்பது. அப்படி விட்டுப் போன ஆணுக்கு நம் மொழி துறவி, சித்தர், தேசாந்திரி, பரதேசி என்று வகைவகையாகப் பெயர் வைத்திருக்கிறது. பரதேசி இப்போது வசவாகிவிட்டது என்றாலும் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்ட காலத்தின் மரியாதை அதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. விட்டுப் போன பெண்ணுக்கு இருப்பது ‘ஓடுகாலி’. அவள் எதை விட்டாள் என்று ஊர் கேட்பதில்லை. யாரோடு ஓடினாள் என்றுதான் கேட்கும்.

இந்த எரிச்சலோடுதான் அமெரிக்கப் பாலைவனத்தில் வண்டிகளுக்குள் தனியாக வாழும் வயதான பெண்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஆர்.வி. என்று அங்கே சொல்லும் வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்னதாக ஒரு கழிப்பறை எல்லாம் இருக்கும். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே விடுமுறைக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. வீட்டை விற்றுவிட்டோ, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோ வருடம் முழுக்க அதிலேயே குடியிருப்பவர்கள் இன்னொரு வகை. கோடையில் குளிர்ந்த மலைப்பக்கம் இருப்பார்கள். குளிர் தொடங்கியதும் தெற்கே இறங்கி அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். வெயில் காலத்தில் சில ஆயிரம் பேர்கூட முழுதாக இல்லாத அந்த ஊரைச் சுற்றியுள்ள அரசு நிலம், குளிர்காலத்தில் வண்டிகளாலேயே நிறைந்துவிடும்.

ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு பயணம் செய்து எழுதிய ‘நோமேட்லேண்ட்’ 2017இல் வெளியானது. குளோயி ஜாவ் அதை 2020இல் படமாக்கினார். அடுத்த ஆண்டு சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை என்று மூன்று ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. படத்தைப் பார்த்த என் தோழிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ‘அறுபது வயதுக்கு மேல் ஒருத்தி யாருக்கும் சமைக்காமல், யாரையும் கேட்காமல், நினைத்த இடத்தில் விடிய விடிய நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இதைவிட வேறென்ன விடுதலை வேண்டும்’ என்றது ஒரு கட்சி. ‘வாடகை கொடுக்க வழியில்லாமல் தெருவுக்கு வந்த கிழவியை விடுதலை பெற்றவள் என்று சொல்வதற்கு உனக்கு வெட்கமாக இல்லையா’ என்றது மற்றது.

இரண்டாவது கட்சியிடம் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் முதுமை ஓய்வூதியம், வாழ்நாளில் வாங்கிய சம்பளத்தைப் பொறுத்தது. பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. பிள்ளைக்காகவும் பெற்றோருக்காகவும் வேலையை விட்ட ஆண்டுகள் அவள் கணக்கில் வெறும் பூஜ்ஜியமாக நிற்கும். ஆக, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டதற்கான தண்டனை அறுபதில் வந்து சேர்கிறது. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர்கள் பலர் வண்டிக்கு மாறினார்கள். அதே 2008இல்தான் அமேசான் நிறுவனம் ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, கிறிஸ்துமஸ் நெருக்கடிக் காலத்தில் கிடங்கு வேலைக்கு இந்த வண்டிவாசிகளை எடுத்துக்கொண்டது. வீட்டையே இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கும் தொழிலாளி; குடியிருப்பு கட்டித்தர வேண்டாம்; வேலை முடிந்ததும் தானே கிளம்பிவிடுவாள். எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்?

இருந்தாலும் முதல் கட்சியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஏழ்மை துரத்திக்கொண்டு வந்தது என்பதாலேயே அந்தப் பெண்கள் கண்டடைந்தது பொய்யாகிவிடாது. 1991இலேயே அங்கே பெண்கள் தங்களுக்கென்று ‘ஆர்.வி.யிங் விமன்’ என்ற அமைப்பைத் தொடங்கி, வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொண்டார்கள். அது ஏழ்மையால் மட்டும் நடந்ததல்ல. ஆகவே ‘விடுதலையா, வறுமையா’ என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் பாலைவனத்தில் உண்மையில் கிடைத்த பொருள் என்ன?

ஓட்டம் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். சாலை, சக்கரம், காற்று. ஆனால் வண்டிவாசிகளின் அன்றாடத்தைக் கூர்ந்து பார்த்தால், அவர்கள் மூளையைத் தின்பது போவது பற்றிய கவலை அல்ல. இன்றிரவு எங்கே நிறுத்துவது? கடை வாசலில் நிறுத்தினால் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டுவாரா? திரைச்சீலை வழியே வெளிச்சம் தெரிந்தால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடுமா? போலீஸ் தட்டுகிற அந்தச் சத்தம்தான் அவர்களுடைய பேய். பொது நிலத்திலும் வழக்கமாக ஓரிடத்தில் 14 நாள்தான். அதற்குமேல் நகர்ந்தாக வேண்டும். குவார்ட்ஸைட் ஏன் இவர்களுக்கு மெக்கா ஆனது என்றால், 1983 முதல் அங்கே மத்திய அரசின் நில நிர்வாகம் நீண்டகாலம் தங்குவோருக்கென்று இடங்களை ஒதுக்கியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கு ஒரே அனுமதிச் சீட்டு. புரூடர் எழுதிய காலத்தில் அதற்குக் கட்டணம் 180 டாலர். தண்ணீர் பிடிக்கக் குழாய், குப்பை போட இடம், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒரு துளை. இவ்வளவுதான். ஆனால் ஏழு மாதம் யாரும் கண்ணாடியைத் தட்ட மாட்டார்கள். அவள் 180 டாலர் கொடுத்து வாங்கியது, நிற்பதற்கான உரிமை.

பெண்ணின் சுதந்திரத்தை அவள் எவ்வளவு தூரம் போகிறாள் என்பதை வைத்து அளந்து பழகிவிட்டோம். ஸ்கூட்டி ஓட்டுகிறாள், விமானம் ஓட்டுகிறாள், இமயமலைக்குத் தனியாகப் போய் வந்தாள். எல்லாம் சரி. போகும் வழியில் அவள் எங்கெல்லாம் காரணம் சொல்லாமல் நிற்க முடிந்தது என்று யாரும் அளப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்ட ஆண் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறான். பெண் நின்றால், அரை மணி நேரத்தில் ‘யாருக்காக நிக்குறீங்க?’ என்று ஒரு குரல் வரும். ஒருத்தி தனக்காக நிற்கக்கூடும் என்பது அந்தக் குரலுக்குத் தோன்றவே தோன்றாது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. 2024இல் கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கும் அது விரிந்தது. போவதற்கு வழி திறந்திருக்கிறது, பெரிய விஷயம்தான். கடைசி பஸ் போய்விட்டால் இரவைக் கழிக்க ஓர் இடம் என்பது இன்னும் யாருடைய திட்டத்திலும் வரவில்லை.

வீட்டிலாவது நிற்கிறோமா என்றால் அங்கும் கதை அதேதான். ‘அடுத்த வீட்டுக்குப் போகிறவள்’ என்று பிறந்த வீடும், ‘வந்தவள்’ என்று புகுந்த வீடும் சொல்லும். கணவனை ‘வீட்டுக்காரர்’ என்று நாமே சொல்கிறோம். 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்றது. அதிலும் அதற்கு முன்பே திருமணமானவர்களுக்குக் கிடையாது. நாடு முழுவதற்கும் அந்த உரிமை வர 2005 ஆயிற்று. அதே 2005இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் பகிர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்தது. கவனியுங்கள், குடியிருக்கும் உரிமைதான், உடைமை வேறு. அந்தச் சட்டம் எத்தனையோ பேரை நடுத்தெருவுக்கு வராமல் காத்திருக்கிறது என்பதால் அதைச் சிறிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தான் பெருக்கித் துடைத்த வீட்டில் தங்கியிருக்க ஒருத்திக்கு நீதிமன்ற ஆணை தேவைப்படுகிறது என்றால், அவளும் ஒரு வகையில் அனுமதிச் சீட்டோடு நிற்கும் வண்டிதான்.

முகவரி என்பதே ஒரு வேடிக்கை. நிலையான வீடு இல்லாத அமெரிக்க வண்டிவாசிகள் பலர் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் ஓரிரவு தங்கிய ரசீதைக் காட்டி, தபால் வாங்கிவைக்கும் ஒரு கடையின் முகவரியில் ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே இரவு! இங்கே இருபது வருடம் குடியிருந்த பெண்ணின் ஆதாரில் முகவரி இன்னார் மகள் என்றோ இன்னார் மனைவி என்றோதான் பெரும்பாலும் தொடங்குகிறது. சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் ஆறடிக்குப் பத்தடித் தகரப் பெட்டி நம்மை ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

நம் மரபில் சாலையில் இறங்கிய பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சாலையில் இறங்க என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் கதைகளே சொல்லிவிடுகின்றன. ஔவை கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் வேண்டி இளமையிலேயே கிழவியானாள். காரைக்கால் அம்மையார் கணவன் விலகியதும் அழகைக் களைந்து பேயுருவை வேண்டி வாங்கிக்கொண்டார். ஊர் ஊராகப் போகவும், நினைத்த திண்ணையில் உட்காரவும், அரசனைக் கேள்வி கேட்கவும் ஒருத்திக்கு முதலில் பெண்ணாகத் தெரியாமல் போக வேண்டியிருந்தது. குவார்ட்ஸைட்டில் தனியாக நிற்கும் பெண்களில் பலரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பணமின்மை ஒரு காரணம். பார்வைகள் விலகிவிட்ட வயது என்பது இன்னொன்று. இருபத்தைந்து வயதில் அதே வண்டியில் அதே இருட்டில் நிற்பதற்குப் பிள்ளையாரிடம்தான் போய் வேண்ட வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதுவும் எங்கள் மலைக்கு நேர் கீழேயே. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற பெண்களைப் பாருங்கள். நாள் கணக்கில் நடக்கிறார்கள். சாலையோரப் பந்தலிலும் சத்திரத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் காலை நீட்டிப் படுக்கிறார்கள். கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே உரக்கச் சிரிக்கிறார்கள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. முருகன் பெயரால் அந்தச் சில நாள் அவர்களுக்குச் சாலை சொந்தம். பாதயாத்திரை போகிற பெண்களிடம் பேசினால் பக்தியைப் பற்றிச் சொல்வதோடு, ‘அந்த நாலு நாள் அடுப்பு இல்ல’ என்பதையும் சொல்லிவிடுவார்கள். அதே பழனிப் பேருந்து நிலையத்தில் அதே நாட்களில் பாசிமணி விற்க வந்து படுத்திருக்கும் நரிக்குறவர் பெண்ணை எழுப்பி விரட்டுவார்கள். அவளுக்கும் அது தைப்பூசம்தான்.

இங்கே வந்ததும் பாலைவனத்துப் படம் மெல்ல நிறம் மாறுகிறது. நாடோடி வாழ்க்கை என்று நாம் கனவு காண்பதை, கனவாக இல்லாமல் வாழ்கிறவர்கள் நம்மிடையே எப்போதும் இருந்திருக்கிறார்கள். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆட்டு மந்தைகளோடு தஞ்சை வயல்களுக்கு நடக்கும் கீதாரிகள், அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போடுவார்கள். ஆட்டுப்புழுக்கை வயலுக்கு உரம். அதற்குக் காசோ நெல்லோ கூலி. அந்தக் குடும்பத்துப் பெண் சட்டிப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள், வரப்போரத்தில் கல்லைக் கூட்டிச் சமைக்கிறாள், சில சமயம் அங்கேயே பிரசவிக்கிறாள். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு இது தெரியும். குவார்ட்ஸைட் வண்டிக்காரியைப் போல இவளும் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிறவள். ஆனால் எங்கே கிடை போடலாம் என்பதை வயல்காரர் தீர்மானிக்கிறார், எப்போது கிளம்பலாம் என்பதைத் தண்ணீர் திறக்கும் தேதி தீர்மானிக்கிறது. இந்தப் பெண்ணை யாரும் சுதந்திரப் பறவை என்று படமெடுக்கவில்லை.

அலைகிறவர்களை அரசு எப்போதும் சந்தேகத்தோடே பார்த்தது. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. இராத்திரியில் எங்கே படுக்கிறாய் என்று காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டும்; ஊர் எல்லையைத் தாண்ட ராதாரிச் சீட்டு வேண்டும். நாடோடிகள் மட்டுமல்ல, மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் போல நிலைத்து உழுதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். நிற்பதற்கும் போவதற்கும் சீட்டு கேட்கிற அதிகாரம் நமக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். குவார்ட்ஸைட்டுக்கும் இப்படி ஒரு அண்டை வீடு உண்டு. அந்த ஊருக்கு வடமேற்கே கொலராடோ ஆற்றங்கரையில் 1865இல் பூர்வகுடிகளுக்கென்று கோடு போட்டு ஒரு ஒதுக்கிடம் உண்டாக்கினார்கள். மொஹாவே மக்களும் செமஹுவேவி மக்களும் பருவத்துக்கேற்ப நடமாடிய நிலத்தில், அவர்களைக் கோட்டுக்குள் நிறுத்திவிட்டுத்தான் மீதி நிலம் ‘காலியான பொது நிலம்’ ஆனது. 180 டாலர் சீட்டு அந்தக் காலி நிலத்துக்குத்தான்.

இனி பூண்டி. பெயரைப் பார்த்துத் திருவள்ளூர் ஏரியையோ தஞ்சாவூர்ப் பக்கத்து மாதா கோயிலையோ நினைக்க வேண்டாம். கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று வளைந்து வளைந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் வரும் மேல்மலை ஊர் இது. இதைத் தாண்டினால் கிளாவரை, பிறகு கேரளத்துக் காடு. படிக்கட்டு போல இறங்கும் வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பூண்டு விளைகிற ஊர்களில் இதுவும் ஒன்று. மே மாத வாக்கிலும் நவம்பரிலும் என்று வருடத்துக்கு இரண்டு நடவு. பல் பிரிப்பது, ஊன்றுவது, களை எடுப்பது, தாளோடு முடிந்து கட்டுவது எல்லாம் பெண்கள். வடுகப்பட்டிச் சந்தைக்கு லாரி ஏற்றி விலை பேசுவது ஆண்கள். டிசம்பர், ஜனவரியில் காலையில் புல் நுனியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது அந்த மண்ணில் கையை விட்டு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று விரல்களைப் பார்த்தாலே தெரியும்.

கொடைக்கானலே குளிரைத் தேடி வந்தவர்களின் ஊர். மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். வெயில் காலத்தில் மேலே, மற்ற நாளில் கீழே. அரிசோனா வண்டிக்காரர்களின் அதே வழக்கம், திசை மட்டும் தலைகீழ். வண்டிச் சாலை வராத காலத்தில் அந்தக் குடும்பங்கள் டோலியிலும் நாற்காலியிலும் ஆள் தோளில் ஏறித்தான் மலைக்கு வந்தன. தூக்கியவர்கள் பருவம் மாறியதற்காக எங்கும் போகவில்லை. இப்போது பெங்களூரிலிருந்து படுக்கையும் அடுப்பும் வைத்த வாடகை வண்டிகள் மலை ஏறுகின்றன. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு வெளியார் வர இ-பாஸ் வேண்டும். எத்தனை பேர், என்ன வண்டி, எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்கும். கடைசிக் கேள்விக்கு வண்டிவாசி என்ன எழுதுவாள் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஒரு டிசம்பரில் பூண்டிப் பக்கம் சாலை வளைவில் அப்படி ஒரு வண்டி இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தது. ஓர் இளம் ஜோடி. வயல் வரப்பில் பூண்டுத்தாள் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “வண்டியிலேயே ஊர் ஊரா போய் இருக்கணும்னு உங்களுக்கு ஆசை இல்லையாம்மா?” என்றேன். “ஆசைக்கு என்னம்மா, ஆரு வேணாம்னா?” என்று சிரித்தார். அப்புறம் வண்டியைத் தாடையால் சுட்டிக்காட்டி, “அந்தப் புள்ள காலைல எங்கிட்ட வந்து தண்ணி கேட்டுச்சு. ரெண்டு கொடம் குடுத்தேன். நேத்து ராத்திரி அவுக எங்க வெளிக்கிப் போனாகன்னு தெரியல, எங்க ஓடைப் பக்கம் போயிருந்தா நாளைக்கு நாங்கதான அதுல எறங்கணும்” என்றார். கோபம் ஒன்றும் இல்லை. களை எடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பிறகு தானாகவே, “ஆனா அந்தப் புள்ள தைரியந்தான்” என்றார்.

வண்டி வாழ்க்கையைப் பற்றி நான் படித்த தத்துவங்களில் அந்த ஓடை வரவில்லை. போகிறவரின் விடுதலைக்குப் பின்னால், போகாமல் இருக்கும் யாரோ ஒருவரின் தண்ணீரும் மண்ணும் உழைப்பும் இருக்கின்றன. அந்த யாரோ பெரும்பாலும் ஒரு பெண். குவார்ட்ஸைட்டில் கழிவைக் கொட்ட ஒரு துளை இருக்கிறது, அதைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. இங்கே, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் இருக்கிற நாட்டில், ஒரு வண்டியின் கழிவுத் தொட்டி நிறைந்தால் அது எங்கே போகும், யார் கை படும்? ‘சுத்தமாக வந்து சுத்தமாகப் போய்விட்டோம்’ என்று எழுதுகிற பயணக் குறிப்புகளில் இதற்குப் பதில் இல்லை. சாதி தெரியாத விடுதலை இங்கே கிடையாது, நான்கு சக்கரம் வைத்தாலும்.

அந்த ஜோடியின் வண்டியையும் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அவர் ஓட்டுகிறார், அவள் சமைக்கிறாள். அவர் டிரோன் பறக்கவிடுகிறார், அவள் ஒற்றைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். வீட்டைச் சுருக்கினால் வேலையும் சுருங்கிவிடும் என்று நினைப்போம். பெருக்குகிற இடம் குறையும், உண்மை. ஆனால் தண்ணீர் எவ்வளவு மிச்சம், காஸ் எத்தனை நாள் வரும், துணி எங்கே காயும் என்கிற கணக்கு ஒருத்தி தலையிலேயே இருக்கும் என்றால் வண்டி ஓடினாலும் அடுப்படி ஓடவில்லை. அதனால்தான் பாலைவனத்தில் தனியாக நிற்கும் பெண்ணின் வண்டியும் தம்பதியின் வண்டியும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் எனக்கு இரண்டு வேறு வீடுகள்.

அப்படியானால் ஆசையைக் கைவிட்டுவிட வேண்டுமா? பூண்டி அம்மா தண்ணீர் சுமக்கிறார் என்பதற்காக ஒருத்தி தன் கூண்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்று சொன்னால், அது பெண்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு வீட்டைக் காப்பாற்றுகிற பழைய தந்திரம். ஓடைக்காரருக்கும் வண்டிக்காரிக்கும் வேண்டியது ஒன்றுதான்: தன்னை எழுப்பி விரட்டாத ஒரு துண்டு நிலம், அதில் யார் வரலாம், எப்படி நிற்கலாம் என்று சொல்ல ஒரு வாய். அந்த வயல் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். “எம் மாமனார் பேர்லதான்” என்றார். மாமனார் இறந்து பல வருடம் ஆகிறதாம்.

நிற்கும் உரிமை வயதாக ஆகக் கூர்மையாகும். 1978இல் கே பீட்டர்சன் என்ற செவிலியர் தன் கணவரோடு சேர்ந்து வண்டிவாசிகளுக்காக ‘எஸ்கேபீஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். கண் மங்கி, கை நடுங்கி, ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போகும் நாள் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கும் வந்தது. பிற்பாடு டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் ஒரு பராமரிப்பு மையத்தை உண்டாக்கினார்கள். முதியவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே வாழலாம். சாப்பாடும் பகல்நேரப் பராமரிப்பும் மையத்தில். இனி ஓடாத வண்டி, ஆனால் தாழ் இன்னும் உள்பக்கம். மகன் வீட்டுக் கூடத்து மூலையில் ஒரு கட்டிலுக்கும், இரண்டு பிள்ளைகளிடையே மாதக் கணக்கில் மாறி மாறிப் போகும் தாய்க்கும் பழகிய நமக்கு அந்த மையம் கொஞ்சம் அந்நியமாகத் தெரியலாம். ஆறு மாதம் மூத்தவனிடம், ஆறு மாதம் இளையவனிடம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற நம் அம்மாக்களும் முழுநேர நாடோடிகள்தான். அவர்கள் எந்த வாசலில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதை மருமகளும் மகனும் போனில் முடிவு செய்கிறார்கள்.

பழனி மலைக் காடுகளில் பளியர்கள் தேனும் கிழங்கும் தேடிப் பருவத்துக்கொரு இடமாகப் பாறைக் குகைகளில் தங்கி வாழ்ந்தவர்கள். பிறகு காலனி வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள்; 2013இல் காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் ஆகிவிட்டது. அவர்கள் போன்றவர்களுக்காக வந்த 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இரண்டு இடங்களை மாணவிகள் தேடிப் படிக்க வேண்டும். நாடோடிச் சமூகங்களும் மேய்ச்சல் சமூகங்களும் பருவந்தோறும் வந்து போகிற மரபான உரிமையை மூன்றாம் பிரிவு உரிமை என்றே பெயர் சொல்லி ஏற்கிறது. சலுகை என்று சொல்லவில்லை. நான்காம் பிரிவு, பட்டா கொடுத்தால் கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்துப் பதிய வேண்டும், தனியாள் நடத்தும் குடும்பம் என்றால் அவர் பேரிலேயே பதிய வேண்டும் என்கிறது. அலைவதற்கும் நிற்பதற்கும் ஒரே சட்டத்தில், ஒரு பெண்ணின் பெயரோடு இடம் இருக்கிறது. மாமனார் பேரில் கிடக்கும் பூண்டு வயலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த வயலுக்கு வேறு கேட்க வேண்டும். வாரிசுச் சான்றிதழிலிருந்து தொடங்கி, தாலுகா அலுவலகத்துக்குக் கொடைக்கானல் வரை ஒவ்வொரு முறையும் போக 40 கிலோமீட்டர், திரும்ப 40 கிலோமீட்டர். பஸ் டிக்கெட் இப்போது இலவசம்.